எக்கோ

கடலூர்க்காரன் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால்
எதற்கென்று யாரும் கேட்பதில்லை.
அந்தச் சௌகரியம் எனக்கு உதவியது.
முதுநகர்த் துறைமுகத்தில் பட்டறையைச் சாத்தும்போது
"எனக்கும் ஒரு குவார்ட்டர்" என்றான்
ஐஸ் கம்பெனி பக்கிரி.
தலையாட்டிவிட்டு வந்தேன்.

பதினோரு மாதம்.
படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில்
விரல் தொட்டு வைத்தது போல
முதலில் ஒன்று. பிறகு பக்கத்தில் இரண்டு.
சூடு என்று சொல்லிக்கொண்டேன்.
மருந்துக்கடைப் பையன் முகத்தைப் பார்க்காமல்
படர்தாமரை என்று சொல்லி வாங்கிய டியூப்
மூன்றும் தீர்ந்தன.
அது தீரவில்லை.
அம்புஜாவிடம் முதுகுவலி என்று
தரையில் பாய் விரித்தேன்.
முதுகுத் தைலம் ஏன் குறையவே இல்லை என்று
ஒருநாளும் அவள் கேட்கவில்லை.

கோரிமேட்டில் சீட்டு எழுதுகிறவர்
கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது:
"தேவநாதன்! எந்த இடத்துல?"
இடுப்புக்குக் கீழே என்றேன்.
"முட்டியா?"
ஆமாம் என்றேன்.

டாக்டர் ஜெசிந்தா
என் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நல்ல முட்டி, என்றார்.
பேனாவை மூடி வைத்தார். பேசாமல் இருந்தார்.
மின்விசிறி நாலு சுற்று சுற்றியிருக்கும்.
சொல்லிவிட்டேன்.

அறுப்பீங்களா?
"முதல்ல பார்ப்போம். கத்தி இல்லாம."

திரைக்குப் பின்னால் ஓர் ஆண் உதவியாளர்,
போர்த்த ஒரு பச்சைத் துணி,
ஜில்லென்று கொஞ்சம் கூழ்,
டார்ச் லைட் அளவில் ஒரு கருவி.
அது தோலைத் தொட்டதும்
எனக்குப் பிடிபட்டுவிட்டது இது என்னவென்று.
நாற்பது பாகம் ஆழத்தில் கிடப்பது மீனா பாறையா என்று
வலை நனையாமல் சொல்கிற பெட்டி.
இருபது வருஷமாக நான் பிரித்துப் பூட்டுவது அதைத்தான்.
இன்றைக்கு நான் படகில் இல்லை.
அடியில் கிடக்கிறேன்.

"இங்க பாருங்க" என்று மானிட்டரைத் திருப்பினார்.
கறுப்பு வெள்ளையில் என் தோல்.
வரிசை வரிசையாக அறைகள், தேனடை போல.
"இது சும்மா அழற்சி. இதுவும்.
ஒழுங்கு கலையல, பாருங்க."
என் உடம்பில் அத்தனை ஒழுங்கு இருப்பது
எனக்குத் தெரியாது.

மூன்றாவது இடத்துக்கு வந்ததும்
டாக்டர் பேச்சை நிறுத்தினார்.
அந்த மௌனம் எனக்குப் பழக்கம்.
"மீனுதானே?" என்று படகுக்காரர் கேட்கும்போது
பதில் சொல்லாமல் நான் குமிழைத் திருகுவேனே, அது.

"இந்த ஓரத்துல அடை கலைஞ்சிருக்கு.
ஓர் உளுந்தளவு எடுக்கணும்.
இங்க மட்டும். மத்த ரெண்டையும் தொட வேணாம்."
புற்றா?
"படம் சந்தேகத்தைச் சொல்லும்.
பேரைச் சதைதான் சொல்லணும்."

நானும் அதைத்தான் சொல்வேன்.
பெட்டியில் தெரிவது நிழல்,
வஞ்சிரமா மத்தியா என்று வலை சொல்லும்.
சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்.
படகுக்காரர் எந்த மனசோடு கடலுக்குப் போனார் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை.
"வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

சோதனைச்சாவடியில் போலீஸ்காரர்
பையைக் கவிழ்த்தார்.
பாட்டில் இல்லாத பையைச் சந்தேகமாகப் பார்த்தார்.
"என்னய்யா இந்தக் கவர்ல?"
முட்டி, என்றேன்.

பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்னால்
போனை எடுத்தேன்.
அம்புஜா, முதுகு இல்ல.
"தெரியும்" என்றாள்.
கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில்
குக்கர் மட்டும் விசிலடித்தது.
"எங்கன்னு சொல்லு.
இல்ல, வீட்டுக்கு வந்து சொல்லு. பஸ்ல வேணாம்."

பாலத்தின் மேல் காற்று.
பக்கிரிக்கு என்ன சொல்வது என்றுதான்
இன்னும் யோசிக்கவில்லை.